உரிமைச் சொத்தும் இருக்கைக் கணக்கும்

சிகாகோ நகரக் கல்வி வாரியம் 2013-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் கூடிய அமர்வில் 50 பள்ளிகளை மூட வாக்களித்தது. அமெரிக்க நாட்டில் ஒரு நகரம் ஒரே வேளையில் இத்தனை பள்ளிகளை மூடியது அதற்குமுன் நிகழ்ந்ததில்லை. வாரியம் சொன்ன காரணங்கள் இரண்டு: ஏறத்தாழ நூறு கோடி டாலர் பற்றாக்குறை, வகுப்பறைகளில் காலியாய்க் கிடக்கும் இருக்கைகள். பள்ளியை இழந்த பிள்ளைகள் ஏறக்குறைய 12,000 பேர். அவர்களுள் நூற்றுக்கு 88 பேர் கறுப்பினத்தவர். நகரப் பள்ளிகளில் பயின்ற மொத்தப் பிள்ளைகளுள் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 40 பேர் அளவிலேயே இருந்தனர் என்பதையும் சேர்த்து நோக்கினால், சுமை யார் தோளில் ஏற்றப்பட்டது என்பது விளங்கும்.

மூடப்பட்ட பள்ளிகளுள் ஒன்றில் முன்னர் ஆசிரியையாகப் பணியாற்றியவர் ஈவ் யூயிங். பின்னர் சமூகவியல் பயின்று பேராசிரியரானவர், கவிஞருமாவார். அவர் எழுதி, சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 2018-இல் வெளியிட்ட ‘கோஸ்ட்ஸ் இன் தி ஸ்கூல்யார்டு’ என்னும் நூலே இங்கு ஆய்வுக்குரியது. ‘பள்ளி முற்றத்தில் ஆவிகள்’ என்று தமிழாக்கலாம். நூல் வெளிவந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும், பள்ளியை நடத்துவதா மூடுவதா என்ற கேள்வியோடு கணக்கேடுகளின் முன் அமர்ந்திருக்கும் எவரும், அவர் அரசு அலுவலராயினும் மறைமாவட்டக் கல்விக் குழுவினராயினும், படிக்க வேண்டிய நூல் இது என்று துணிந்து கூறலாம். பள்ளிகளை மூடவே கூடாது என்று நூலாசிரியர் வாதிடவில்லை. ‘இந்தப் பள்ளி எதற்கும் பயனில்லை என்று சொன்னவர் யார்? எதைக் கொண்டு அளந்தார்? அளவு குறைந்து போனதற்கு யார் பொறுப்பு?’ என்றே கேட்கிறார். கேள்விகளை இந்த வரிசையில் அடுக்கியதிலேயே நூலின் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது.

நூல் நான்கு இயல்களால் ஆனது. களம் பிரான்ஸ்வில். சிகாகோவின் தென்பகுதியில், தென்மாநிலங்களின் பருத்தி வயல்களையும் வன்கொடுமையையும் விட்டு வடக்கே வந்த கறுப்பின மக்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து குடியேறிய பகுதி அது. முதல் இயல் அங்குள்ள டையெட் உயர்நிலைப் பள்ளியின் கதையைச் சொல்கிறது. நூலின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது என் கருத்து. ஆதலின் இதில் சற்று நின்று செல்வோம்.

பள்ளியின் பெயரிலிருந்தே யூயிங் தொடங்குகிறார். வால்டர் டையெட் என்பவர் செல்வந்தரோ அரசியல் தலைவரோ அல்லர். பள்ளிக்கூட இசை ஆசிரியர். அதே வட்டாரத்தின் டூசாபிள் உயர்நிலைப் பள்ளியில் நீண்ட காலம் இசைக்குழுவைப் பயிற்றுவித்தவர். நாட் கிங் கோல், டைனா வாஷிங்டன் போன்று உலகறிந்த பாடகர்கள் அவரிடம் பயின்ற பிள்ளைகளே. கண்டிப்பானவர் என்று பெயர் பெற்றவர். 1969-இல் அவர் மறைந்தார். 1972-இல் தோன்றிய பள்ளி அவர் பெயரைத் தாங்கியது. ஓர் ஆசிரியரின் பெயரால் பள்ளி அமைவது சிறு செய்தியன்று. அத்தெருவின் பிள்ளைகளிடம் திறமை இருந்தது, அதைக் கண்டெடுத்த ஒருவர் அவர்களிடையே இருந்தார் என்று அவ்வூர் தன்னைப் பற்றியே எழுதி வைத்த சான்று அது.

வாரியம் 2012 பிப்ரவரியில் இப்பள்ளியைப் படிப்படியாக மூடத் தீர்மானித்தது. புதிய மாணவர்களைச் சேர்க்க வேண்டாம். இருப்பவர்கள் படித்து முடித்ததும் கதவை அடைத்துவிடலாம் என்பது திட்டம். இந்த ‘படிப்படியாக’ என்ற சொல் எவ்வளவு மென்மையாக ஒலிக்கிறது! ஆண்டுக்கொரு வகுப்பு மறைகிறது. வகுப்பு மறைந்தால் ஆசிரியர் மறைகிறார். ஆசிரியர் மறைந்தால் பாடம் மறைகிறது. அடைபடப் போகும் பள்ளியில் பிள்ளையை விட்டுவைக்கப் பெற்றோர் தயங்குகின்றனர். 2015-இல் கடைசி வகுப்பில் படித்து வெளியேறியவர்கள் 13 பேர். பதின்மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியா என்று அப்போது எவரும் கேட்கலாம், கேட்டார்கள். மரத்தின் வேரில் மூன்றாண்டு வெந்நீர் ஊற்றிவிட்டு, ‘இதில் இலை இல்லையே’ என்று வெட்டுவதற்கு ஒப்பானது இது.

ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. வாரியத்திடம் மன்றாடுவதோடு நிற்காமல், தாங்களே ஒரு மாற்றுத் திட்டத்தை வகுத்தனர். உலகளாவிய தலைமைப் பயிற்சியும் சுற்றுச்சூழல் காக்கும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் பள்ளியாக டையெட்டைப் புதுப்பிப்பது அத்திட்டம். தேர்வு வைத்துப் பொறுக்காமல், வட்டாரத்துப் பிள்ளைகள் எவரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளியாக அது இருக்க வேண்டும் என்பதே அவர்கள் விட்டுக்கொடுக்காத நிபந்தனை. அத்தகைய கடைசி உயர்நிலைப் பள்ளி தங்கள் பகுதியில் டையெட் ஒன்றே என்பது அவர்கள் வாதம். திட்டத்தைப் பரிசீலிக்கும் நாள் தள்ளிப்போடப்பட்டபோது, 2015 ஆகஸ்ட் 17-ஆம் நாள் பன்னிருவர் உண்ணாநோன்பைத் தொடங்கினர். பெற்றோர், பாட்டிமார், ஆசிரியர், இறைப்பணியாளர் எனப் பலதரப்பினர். ஜீட்டு பிரவுன் என்னும் சமூகப் பணியாளர் முன்னின்றார். பள்ளிக்கு வெளியே நாற்காலிகளைப் போட்டு அமர்ந்தனர். செப்டம்பர் 3-ஆம் நாள் வாரியம் இறங்கிவந்தது: டையெட் கலைப் பள்ளியாக மீண்டும் திறக்கப்படும், வட்டாரப் பிள்ளைகள் எவரும் சேரலாம் என்று அறிவித்தது.

வென்றுவிட்டார்களே, நோன்பை முடித்திருக்கலாமே என்று தோன்றும். அவர்கள் முடிக்கவில்லை. செப்டம்பர் 19 வரை, ஆக 34 நாள், தொடர்ந்தனர். ஏன் என்று விளக்குமிடத்தில்தான் யூயிங்கின் பேனா கூர்மை பெறுகிறது. பள்ளி திறக்கப்படும் என்றார்கள். ஆனால் அதை வகுத்தவர்களின் திட்டத்தை ஒதுக்கினார்கள். முடிவு அவர்களுக்காக எடுக்கப்பட்டது, அவர்களோடு எடுக்கப்படவில்லை. கட்டடம் கிடைத்தும் மதிப்பு கிடைக்கவில்லை என்ற நிலையை அவர்கள் ஏற்கவில்லை. நம் நாட்டில் உண்ணாவிரதம் என்ற சொல் காலைப் பந்தலும் மாலைப் பழச்சாறுமாய் மலிந்துவிட்டது. எசாயாவின் 58-ஆம் அதிகாரத்தை அறிந்தவர்களுக்கு நோன்புக்கும் நுகத்தடிக்கும் உள்ள தொடர்பை எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

இப்பகுதியைப் படிக்கையில் அரசர் முதல் நூலின் 21-ஆம் அதிகாரம் நினைவில் எழுவதைத் தவிர்க்க இயலவில்லை. நாபோத்தின் கதையை நாம் வழக்கமாகக் கொலையிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறோம். ஆகவே ஆகாபை முதலிலிருந்தே கொடியவனாகக் காண்கிறோம். ஆனால் இந்த அதிகாரம் அவனை அப்படி அறிமுகம் செய்யவில்லை. அவன் முதலில் கேட்டது நியாயமான கேள்வி. அரண்மனையை ஒட்டிய நிலம் காய்கறித் தோட்டத்துக்கு வேண்டும். அதற்கு ஈடாக அதைவிட நல்ல திராட்சைத் தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் விலையைப் பணமாகவே தருகிறேன் என்றான். இன்றைய அலுவலக மொழியில் இதைவிடச் சிறந்த மாற்று ஏற்பாடு இருக்க முடியாது. நாபோத்து மறுத்தது தோட்டத்தின் தரத்தை எண்ணியன்று. அது மூதாதையரின் உரிமைச் சொத்து என்பதனால். லேவியர் 25-ஆம் அதிகாரத்தின் நிலச்சட்டம் அவன் பின்னணி. நிலம் ஆண்டவருக்கு உரியது, குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது, அறவே விற்றுத் தீர்க்க எவருக்கும் உரிமையில்லை. ஆகாபு விலை பேசினான். நாபோத்து உறவைப் பற்றிப் பேசினான். இருவரும் ஒரே நிலத்தைச் சுட்டியபோதும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை.

சிகாகோவில் நிகழ்ந்ததும் இதுவே என்பதை நூலின் மூன்றாம் இயல் காட்டுகிறது. இரண்டாம் இயலுக்குப் பின்னர் வருவோம். பள்ளிகளை மூடுமுன் வாரியம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களை நடத்தியது. அக்கூட்டங்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, அலுவலர் பேசிய மொழியையும் மக்கள் பேசிய மொழியையும் யூயிங் பக்கம் பக்கமாக ஒப்பிடுகிறார். பொறுமையான வேலை; பயனும் பெரிது. அலுவலர் வாயில் வந்த சொற்கள்: பயன்பாட்டு விகிதம், கொள்ளளவு, வளங்கள், வரவேற்கும் பள்ளிகள். மக்கள் வாயில் வந்த சொற்கள்: வீடு, குடும்பம், என் தாயும் இங்கேதான் படித்தாள், இந்தத் தெருவைத் தாண்டிப் போனால் என் பிள்ளையைச் சுட்டுவிடுவார்கள். அலுவலர் மொழியில் செய்வினையே அரிது. பள்ளி ‘பயன்குறைந்துவிட்டது’ என்பார்களே ஒழிய, அதைப் பயன்குறையச் செய்தவர் எவர் என்ற எழுவாய் வருவதில்லை. பேசவந்த தாய்க்கு இரண்டு நிமிடம். மணி அடித்தால் அடுத்தவர்.

கணக்கின் உள்ளீடும் நோக்கத்தக்கது. ஒரு வகுப்பறைக்கு 30 பிள்ளைகள் என்று வைத்து, பள்ளி முழுமைக்கும் ஓர் இலட்சிய எண்ணிக்கையைக் கணித்து, அதில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ‘பயன்குறைந்த பள்ளி’ என்று முத்திரையிட்டனர். சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகளின் வகுப்பில் முப்பது பேரை அமர்த்த இயலாது என்பதை அறிய ஆசிரியப் பயிற்சி வேண்டியதில்லை. அத்தகைய பிள்ளைகளை மிகுதியாக ஏற்றுக்கொண்ட பள்ளி, கணக்கில் வெறுமையான பள்ளியாகத் தெரிந்தது. நோயாளிகளுக்குப் படுக்கைகளை விலக்கிப் போட்ட மருத்துவமனையை, இடத்தை வீணாக்குகிறது என்று குற்றஞ்சாட்டுவது போன்றது.

இங்கே ஓர் ஐயம் எழலாம்: எண்ணுவதே தவறா? அவ்வாறு விவிலியம் சொல்லவில்லை. எண்ணிக்கை என்றே பெயர்கொண்ட நூல் ஆண்டவரின் கட்டளைப்படி மக்களை எண்ணுவதில்தான் தொடங்குகிறது. ஆனால் சாமுவேல் இரண்டாம் நூலின் 24-ஆம் அதிகாரத்தில் தாவீது மக்களை எண்ணியது பெரும் பாவமாகிறது. முரடனான படைத்தலைவன் யோவாபே அதைத் தடுக்கப் பார்க்கிறான். இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் வேறுபாடு யாது? விளக்கவுரையாளர்கள் பலவாறு கூறுவர். எனக்குப் படுவது இது: முன்னதில் ஒவ்வொருவரும் பெயர் பெயராக, குலம் குலமாக, தந்தையர் வீட்டின்படி எண்ணப்படுகிறார், பின்னதில் யோவாபு கொண்டுவந்து தரும் முடிவு, வாளேந்தக்கூடிய கைகள் எத்தனை என்ற தொகை மட்டுமே. யூயிங் இந்த விவிலியப் பகுதிகளைத் தொடவில்லை. அவர் துறை வேறு. ஆயினும் வாரியத்தின் இருக்கைக் கணக்குக்கும், கூட்டத்தில் தம் பிள்ளைகளை, ஆசிரியரை, சமையற்கூடத்து அம்மாவைப் பெயர்சொல்லி எண்ணிய மக்களின் கணக்குக்கும் இடையே அவர் காட்டும் வேறுபாடு இதுவேதான். மக்களும் எண்ணினார்கள். அவர்கள் கணக்கை எழுதிக்கொள்ள வாரியத்தின் படிவத்தில் கட்டம் இல்லை.

நூலாசிரியரின் நேர்மைக்கு ஒரு சான்று கூற வேண்டும். அப்போது பள்ளித் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த பார்பரா பேர்ட்-பென்னெட் கறுப்பினப் பெண்மணி. மூடல்கள் இனப்பாகுபாடு என்ற குற்றச்சாட்டு தம்மைப் புண்படுத்துகிறது என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். அவரே பின்னர் வேறொரு பயிற்சி ஒப்பந்தத்தில் கையூட்டுப் பெறத் திட்டமிட்ட வழக்கில் 2015-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2017-இல் நான்கரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். எளிய எழுத்தாளர் ஒருவர் இச்செய்தியைக் கொண்டே நூலை முடித்திருப்பார். யூயிங்கின் வாதம் அதன்மேல் நிற்கவில்லை. தீய எண்ணம் எவருக்கும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், விளைவு ஓர் இனத்தின் தலையிலேயே விழுகிறதென்றால் அந்த அமைப்பைக் குறித்து என்ன சொல்வது என்று அவர் கேட்கிறார். ‘பாவக் கட்டமைப்புகள்’ என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் பேசியதைப் படித்தவர்கள் இக்கேள்வியின் உருவை உடனே அடையாளம் காண்பர்.

இனி இரண்டாம் இயல். இருக்கைகள் எவ்வாறு காலியாயின என்ற வரலாறு இதில் வருகிறது. நூலின் வாதத்துக்கு முதுகெலும்பு இதுவே. நடை மட்டும் சற்று வறண்டது. கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று பத்திரங்களிலேயே எழுதிவைத்த காலம் ஒன்று இருந்தது. அவ்வொப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றக்கூடாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. பழக்கம் அதோடு ஒழியவில்லை. குறுகிய நிலப்பட்டைக்குள் மக்கள் நெருக்கப்பட்டனர். 1962-இல் கட்டி முடிக்கப்பட்ட ராபர்ட் டெய்லர் குடியிருப்பு, பதினாறு மாடி கொண்ட 28 கட்டடங்களாக நெடுஞ்சாலையோரம் நின்றது. பள்ளிகள் பிதுங்கி வழிந்தன. பக்கத்திலேயே வெள்ளையர் பள்ளிகளில் இடமிருந்தும் கறுப்பினப் பிள்ளைகளை அங்கே அனுப்பாமல், அன்றைய கல்வித் தலைவர் பெஞ்சமின் வில்லிஸ் பள்ளி முற்றங்களில் தகர வண்டிகளை நிறுத்தி வகுப்பறை ஆக்கினார். 1963 அக்டோபர் 22-ஆம் நாள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இதை எதிர்த்துப் பள்ளியைப் புறக்கணித்தனர். பின்னர் 1990களின் இறுதியில் தொடங்கி 2007-க்குள் அந்த அடுக்குமாடிகள் யாவும் இடிக்கப்பட்டன. குடியிருந்தவர்கள் சிதறினர். கூடவே, அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் பள்ளிகள் பெருகின. பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தனர்.

முந்திய தலைமுறைக்கு இருக்கை இல்லை என்றார்கள். பிந்திய தலைமுறைக்கு இருக்கை மிகுந்துவிட்டது என்றார்கள். இரண்டு வேளையிலும் இழந்தவர்கள் ஒரே மக்களே. நகரம் தானே நெருக்கி, தானே கலைத்து, பின் கலைந்ததைச் சுட்டிக்காட்டிப் பள்ளியை மூடியது என்ற இந்த வரலாற்றுத் தொடர்ச்சியை இவ்வளவு தெளிவாகச் சிறிய நூலொன்றில் காண்பது அரிது.

நான்காம் இயலில்தான் எனக்கு நூலாசிரியரோடு வழக்கு உண்டு. பள்ளியை இழந்தவர்கள் இறந்த உறவினரைப் பற்றிப் பேசுவது போலவே பேசுகிறார்கள் என்பதைக் கண்ட யூயிங், அந்நிலைக்கு ஒரு பெயர் சூட்டுகிறார். ‘நிறுவனம் சார்ந்த துக்கம்’ என்று தமிழில் கூறலாம். அழகிய கண்டுபிடிப்பு. பள்ளி மூடியதற்கு அழுபவர்களைப் பழமைவாதிகள் என்றும் உணர்ச்சிவயப்பட்டவர்கள் என்றும் ஒதுக்கிய பேச்சுக்கு இது தக்க மறுமொழி. துக்கம் நினைவைக் காக்கிறது, நினைவு எதிர்ப்புக்கு வித்தாகிறது என்பது அவர் நிலை, அதையும் ஏற்கலாம். ஆயினும் துக்கம் என்ற சொல் பிணத்தை முன்னிட்டு நிற்கும் சொல். பள்ளி இறந்துவிட்டது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே அச்சொல் வேலை செய்யத் தொடங்குகிறது. மூடுகிறவர்களுக்கு இது வசதியானதே. விடைபெறும் விழா, நினைவு மலர், ஆலோசகரின் ஆறுதல் மொழி ஆகியவற்றை எந்த வாரியமும் மகிழ்ந்து வழங்கும். ‘உங்கள் வலியை உணர்கிறோம்’ என்று சொல்வதற்குச் செலவில்லை.

விவிலியம் அறிந்த புலம்பல் இதிலிருந்து வேறுபட்டது. எருசலேமின் வீழ்ச்சியைப் பாடும் புலம்பல் நூல் ஆறுதலில் முடிவதில்லை. கடவுளிடமே கேள்வி கேட்டு, விடை பெறாமல் நிற்கிறது. மரபுப்படி அந்நூலோடு இணைத்துப் பேசப்படும் எரேமியாவோ, பாபிலோனியப் படை நகரைச் சூழ்ந்திருந்த வேளையில், தாமே சிறைக்காவலில் இருந்தபடி, அனத்தோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு வெள்ளிக் காசுக்கு வாங்குகிறார். பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, மட்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். அழிவை முன்னறிவித்த வாயே நிலம் வாங்கவும் பேரம் பேசியது. டையெட் மக்கள் 34 நாள் பட்டினி கிடந்தபோது அவர்கள் கையிலும் ஒரு பத்திரம் இருந்தது: தாங்களே வகுத்த பள்ளித் திட்டம். அது துக்கம் அன்று. நிலம் வாங்கும் செயல். இவ்வளவு வலிமையான நிகழ்ச்சியை முதல் இயலில் வைத்துவிட்டு, துக்கத்தைக் கடைசி இயலாக யூயிங் அமைத்திருக்கிறார். முடிவுரை ஒரு கதவைத் திறக்க முயன்றாலும், வாசகர் கல்லறை வாசலில் நின்றே நூலை மூடுகிறார். இயல்களின் வரிசை மாறியிருந்தால் நூலின் குரலே மாறியிருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. எல்லாப் பெற்றோரும் ஒரே மனத்தினராய் இருந்ததில்லை. எந்த ஊரிலும் இருப்பதில்லை. டையெட்டின் எதிர்காலத்துக்கே ஒன்றுக்கு மேற்பட்ட திட்டங்கள் போட்டியிட்டன. அவற்றுள் ஒன்று அதே தென்பகுதியில் கறுப்பினத்தவர் நடத்திய கலை நிறுவனத்துடையது. மூடப்போகும் பள்ளியை விட்டுவிட்டு, வேறு பள்ளியில் தம் பிள்ளைக்கு இடம் தேடி அலைந்த தாயும் அன்பினாலேயே அலைந்தாள். இவ்வேறுபாடுகளில் நூல் இன்னும் நின்று பேசியிருக்கலாம். மக்களின் குரல் என்று ஒருமையில் கூறும்போது சில குரல்கள் அமுங்கிவிடுகின்றன என்பது பங்கு நிர்வாகக் குழுவை ஒரு முறையேனும் கூட்டிய எந்தப் பங்குப் பணியாளருக்கும் தெரியும்.

மூடல்கள் நன்மை பயத்தனவா என்ற கேள்விக்கு வேறு சான்றும் கிடைத்திருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வு மையம் அதே 2018-இல் வெளியிட்ட அறிக்கை, மூடல் அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்கள் சரிந்தன என்றும், கணிதத்தில் அச்சரிவு சில ஆண்டுகள் நீடித்தது என்றும் கண்டது. ஏற்றுக்கொண்ட பள்ளிகளும் ஆயத்தமின்றித் திணறின. ஆகாபு வாக்களித்த ‘அதைவிட நல்ல தோட்டம்’ பலருக்குக் கிட்டவில்லை.

நம்மவர் இந்நூலைப் படிக்கும்போது நகராட்சியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் பார்வையாளர் வரிசையில் அமர்ந்துகொள்ள இயலாது. சிகாகோவின் முதல் குடியேறியாகப் போற்றப்படும் டூசாபிள், வால்டர் டையெட் பணியாற்றிய பள்ளி எவர் பெயரைத் தாங்கியதோ அவரே, கறுப்பினக் கத்தோலிக்கர். 1788-இல் கத்தோலிக்க முறைப்படி தம் திருமணத்தை நிறைவேற்றியவர். அடிமையாகப் பிறந்து குருவான வணக்கத்துக்குரிய அகஸ்டஸ் டோல்டன் 1889-இல் இந்நகருக்கு வந்து, இதே தென்பகுதியில் புனித மோனிக்கா பங்கைக் கட்டியெழுப்பி, 1897-இல் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தார். 1960களின் நடுவில் இவ்வுயர் மறைமாவட்டத்தின் பள்ளிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தனர். இன்றைய எண்ணிக்கை அதில் ஒரு சிறு பங்கே. 1955-இல் இந்நகரில் பிறந்த திருத்தந்தை பதினான்காம் லியோ சிறுவயதில் பயின்ற பங்குப் பள்ளியும் இன்று இயங்கவில்லை. டையெட்டிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், கறுப்பின மாணவர்களுக்கென 1962-இல் திறக்கப்பட்ட ஹேல்ஸ் பிரான்சிஸ்கன் உயர்நிலைப் பள்ளியும் பிள்ளைகள் குறைந்து அடைபட்டது. அதைக் காக்க 34 நாள் பட்டினி கிடந்தவர் இலர். திருச்சபையின் பள்ளியைத் திருச்சபை மூடும்போது எதிர்ப்பு எழாததற்குக் காரணம் மக்களின் கீழ்ப்படிதலா, அன்றி அப்பள்ளி தம்முடையது என்ற எண்ணம் அவர்களிடம் முன்பே அற்றுப்போனதா? இக்கேள்வியை யூயிங் கேட்கவில்லை. அவர் நூல் நம்மைக் கேட்க வைக்கிறது.

டையெட் பள்ளி 2016 செப்டம்பரில் கலைப் பள்ளியாகத் திறக்கப்பட்டது. நோன்பிருந்தவர்கள் வகுத்த பசுமைத் தொழில்நுட்பத் திட்டம் ஏற்கப்படவில்லை. பழைய இசை ஆசிரியரின் பெயர் மட்டும் வாசலில் நிலைத்தது. 1995 முதல் மேயரே நியமித்துவந்த கல்வி வாரியத்துக்கு 2024-இல் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. அதில் ஜீட்டு பிரவுன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் பேசுபவர்களுக்கு எதிரே, மேடையில் இருக்கும் நாற்காலிகளில் ஒன்று இப்போது அவருடையது.

நூலின் ஆங்கிலம் கடினமானதன்று. பின்னிணைப்பில் ஆய்வு முறை பற்றிய பகுதியை மட்டும் துறை சாராதோர் விட்டுவிடலாம். குருமட நூலகங்களிலும் துறவறச் சபைகளின் கல்வி அலுவலகங்களிலும் ஒரு படியாவது இருப்பது நன்று. நேரமில்லை என்பவர்கள் மூன்றாம் இயலை மட்டுமாவது, அடுத்த நிதிநிலைக் கூட்டத்துக்கு முந்திய இரவில் படிக்கலாம்.